தேசிங்கு துடைத்த கோடுகள்

காசிமேட்டில் ஒரு ஐஸ் கம்பெனியின் மாடியில் அந்த ஜிம் இருந்தது. நடத்தியவர் பிலோமினா. வயது முப்பத்தொன்று, பளு தூக்குவதில் மாநில அளவில் பதக்கம் வாங்கியவர். எல்லோரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவரைவிடப் பன்னிரண்டு வயது மூத்த தேசிங்கும் அப்படித்தான் கூப்பிட்டார்.

தேசிங்கு கீழே ஐஸ் பார் தூக்குகிறவர். பொங்கலை ஒட்டித் துறைமுகத் தொழிலாளர்களுக்கு நடக்கும் ஆணழகன் போட்டியில், நாற்பதைத் தாண்டியவர்கள் பிரிவில் நிற்பார். நாள் முழுக்க எதையாவது சுமக்கிற மனிதர். அந்த மேடையில் ஐந்து நிமிஷம் மட்டும் ஒன்றையும் சுமக்காமல் நிற்கலாம், நாலு பேர் பார்ப்பார்கள். அந்த ஐந்து நிமிஷத்துக்காகத்தான் மீதி வருஷத்தை ஓட்டினார் என்றே சொல்லலாம்.

அந்த வருஷம் செப்டம்பரில் அவருடைய வலது தோள் போனது. ஐஸ் தூக்கியதால் அல்ல. பெஞ்சில் படுத்து யார் எவ்வளவு தூக்கினார்கள் என்று எழுத ஜிம்மில் ஒரு கரும்பலகை உண்டு. தன் பெயருக்கு மேலே இன்னொரு பெயர் ஏறியதை அவரால் பொறுக்க முடியவில்லை. பிலோமினா இல்லாத நேரம் பார்த்துப் பத்து கிலோ கூட்டிப் போட்டார். அவருடைய வீம்புக்குத் தோள் ஈடு கொடுக்கவில்லை.

தசைநார் பாதி கிழிந்திருக்கிறது, ஆபரேஷன் வேண்டாம், ஆனால் சொன்னபடி கேட்க வேண்டும் என்றார் டாக்டர். ஐஸ் கம்பெனியில் அவரை மிஷின் பக்கம் உட்கார வைத்துவிட்டார்கள். வலது கை ஏறாததால் இடது கையாலேயே தலை சீவி, வகிடு கோணலாக, தேசிங்கு மாடியேறி வந்தார்.

"மாஸ்டர், பொங்கலுக்கு நாலு மாசம் கீது."

"ஆமா."

"நெஞ்சும் வயிறும் ஏத்தணும். தோளுக்குத் தெரியாம. வழி கீதா?"

பிலோமினா பெஞ்சைக் கடந்து போய்த் தரையில் ஒரு பாயை விரித்தார்.

"படுங்க அண்ணா."

இரண்டு கைக்கும் இரண்டு கிலோ டம்பெல் கொடுத்தார். முழங்கை தரையைத் தொட்டதும் மேலே தூக்கச் சொன்னார். தேசிங்குக்கு மானம் போனது. சுற்றிலும் பெரிய பெரிய தட்டுகளை மாட்டிக்கொண்டிருந்த பையன்கள் சிரித்தார்கள்.

"பெஞ்சுல இன்னும் கீழ எறக்கலாமே மாஸ்டர்."

"எறக்கலாம். அங்கதான் கிழிஞ்சுது. இங்க தரை தடுக்கும்."

அடுத்தது வயிறு. முதுகுக்கு அடியில் ஒரு பழைய பேப்பரை வைத்தார். காலை மடக்கித் தூக்கச் சொல்லிவிட்டு, பேப்பரின் நுனியைப் பிடித்து இழுத்தார். அது சுலபமாக வந்துவிட்டது.

"முதுகு தரையில ஒட்டணும். இழுத்தா பேப்பர் கிழியணும், வரக்கூடாது. அது வயித்தோட வேலை."

பேப்பர் கிழிய ஒன்பது நாள் ஆனது.

கடைசியாக ஒரு சுவரைக் காட்டினார். வலது கை விரல்களைச் சுவரில் வைத்து மெல்ல மேலே நகர்த்த வேண்டும். வலி வருவதற்கு முன்னால் நிறுத்திவிட வேண்டும். நின்ற இடத்தில் இடது கையால் சாக்பீஸில் ஒரு கோடு போட வேண்டும். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டிலும் இதுதான் இருந்தது.

"இதுல இன்னா மாஸ்டர் வளரும்?"

"ஒண்ணும் வளராது."

"அப்பறம் எதுக்கு?"

"தினமும் ஒரு கோடு போடுங்க."

தேசிங்கு போட்டார். இரண்டாவது வாரத்திலிருந்து கோடு மட்டும் போட்டார். வலது கை சும்மா தொங்கும். இடது கை, நேற்றைய கோட்டுக்கு ஒரு நகத்தளவு மேலே, இன்றைய கோட்டை இழுத்துவிடும். மிச்சமான நேரத்தை நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் கொடுத்தார். ஏமாற்றுகிறோம் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. மாஸ்டர் கேட்டது கோடு, கோடு சுவரில் இருக்கிறது, அவ்வளவுதான்.

டிசம்பரில் நெஞ்சு நிமிர்ந்தது. வயிற்றில் கட்டுக் கட்டாகப் பிரிவு தெரிந்தது. இரண்டு கிலோ பத்து கிலோ ஆகியிருந்தது, முழங்கை இன்னும் தரையோடுதான் நின்றது. சிரித்த பையன்களே பக்கத்தில் வந்து படுத்துப் பார்த்தார்கள்.

பொங்கலுக்கு ஐந்து வாரம் இருக்கும்போது பிலோமினா அவரைக் கண்ணாடி முன்னால் நிறுத்தினார்.

"வயித்தக் காட்டுங்க அண்ணா."

அந்தப் போட்டியில் வயிற்றைக் காட்ட ஒரே ஒரு நிலைதான். இரண்டு கையையும் தூக்கித் தலைக்குப் பின்னால் கோக்க வேண்டும். கோக்காவிட்டால் அந்தச் சுற்றில் சுழியம். பத்து வருஷமாகத் தானே நின்ற நிலை அது. மூன்று மாதமாக வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்த தேசிங்குக்கு அது ஒரு நாள்கூட நினைவுக்கு வரவில்லை.

இடது கை ஏறியது. வலது கை தோள் மட்டத்தில் நின்றுவிட்டது. பல்லைக் கடித்துத் தூக்கப் பார்த்தார். பிலோமினா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வலிக்கு முன்னாடி நிறுத்துங்க."

பிறகு அவர் திரும்பிச் சுவரைப் பார்த்தார். கடைசிக் கோடு தேசிங்கின் தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் இருந்தது.

"அது சும்மா போட்டது, மாஸ்டர்."

"தெரியும்."

"எப்பலேந்து?"

"ரெண்டாவது வாரத்துலேந்து. தினமும் ஒரே அளவுல ஏறுச்சு. ஒடம்பு அப்படி ஏறாது."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"நீங்களா சொல்லுவீங்கன்னு காத்துக்கினு இருந்தேன். ரொம்ப நாள் விட்டுட்டேன். அது என் தப்பு."

தேசிங்குக்கு அழுகை வந்தது. அவ்வளவு நல்ல வயிறு அவருக்கு இருபது வயதில்கூட இருந்ததில்லை. அதைக் காட்டத்தான் கை இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து, வியர்வைத் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

பிலோமினா ஒரு துணியை நனைத்துப் பிழிந்து கொண்டுவந்தார்.

"கோடு எல்லாத்தையும் தொடைங்க."

தேசிங்கு எழுந்து இடது கையில் வாங்கப் போனார். பிலோமினா கொடுக்கவில்லை.

"அந்தக் கையால."

வலது கையில் துணியை வாங்கிச் சுவரில் வைத்துத் தேய்த்தார். முதல் வாரத்துக் கோடுகள் அழிந்தன. அதற்கு மேல் கை போகவில்லை. மீதி ஐம்பது, அறுபது கோடுகள் தலைக்கு மேல் வரை அப்படியே நின்றன.

"அஞ்சு வாரத்துல எல்லாம் தொடைச்சிடலாமா மாஸ்டர்?"

"தெரியாது அண்ணா."

மறுநாள் ஒரு கோடு போனது. அதற்கடுத்த நாள் ஒன்றும் போகவில்லை. ஒரு சனிக்கிழமை மூன்று கோடு போனது, அந்த மகிழ்ச்சியில் பிலோமினாவுக்கு டீ வாங்கிவந்தார். திங்கட்கிழமை கை பழைய இடத்துக்கே இறங்கிவிட்டது. அன்றைக்கும் துணியை நனைத்தார். டாக்டர் தோளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இப்படியே செய்யுங்கள் என்றார். பிறகு நாளுக்கு இரண்டு, மூன்று என்று கோடுகள் குறைந்தன.

போட்டியன்று தேசிங்கு ஜிம்முக்கு வந்தபோது வகிடு நேராக இருந்தது. சுவரில் மூன்று கோடுகள் மட்டும் மிச்சமிருந்தன.

மேடையில் வயிற்றுச் சுற்று வந்தது. மற்றவர்கள் சட்டென்று கையைத் தூக்கிவிட்டார்கள். தேசிங்கின் இடது கை பாதியில் காத்துக்கொண்டு நின்றது. வலது கை காதைத் தாண்டி மெதுவாகப் போனது. தலைக்குப் பின்னால் விரல்கள் ஒன்றையொன்று தொட்டுக் கோத்துக்கொண்டன. கூட்டம் விசிலடித்தது.

மூன்றாம் பரிசு, ஒரு எவர்சில்வர் குடம். குடத்தை அணைத்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக இறங்கி வந்தார்.

"எல்லாரும் வயித்தையே பாத்தாங்க மாஸ்டர். எப்படி கீது?"

"நான் பாக்கல அண்ணா" என்றார் பிலோமினா. "நான் தோளைத்தான் பாத்துக்கினு இருந்தேன்."