ஆறாவது மேடு

"இந்த ஷாக்கு என்னைக் கீழ தள்ளத்தான் பாக்குதுக்கா."

நிறைமதி ஹெல்மெட்டைப் புழுதியில போட்டா. பெமினா அதை எடுக்கல. டீ கிளாஸைத்தான் எடுத்தா.

மண் டிராக்குல பைக் ரேஸ் ஓட்டற டீம் அது. வண்டிக்கு ஷாக் அப்சார்பர் சரிபண்றது பெமினாவோட வேலை. இருந்தது ஒரே வண்டி, ஓட்டறதுக்கு ரெண்டு பேரு. கிஷோர் காலையிலயே ஓட்டி முடிச்சுட்டான். சாப்பாட்டுக்கு முன்னாடி நிறைமதி அவனைவிட வேகமா ஒரு ரவுண்டு வந்தாத்தான் மதியம் ஃபைனல் அவளுக்கு. இல்லேன்னா வேலிக்கு வெளிய நின்னு வேடிக்கை பாக்கணும்.

"ஆறு மேடு வரிசையா வருதே, அங்கதான்க்கா. ஏறி இறங்கினதும் சீட்டு எட்டி உதைக்குது. கழுதை தோத்துரும்."

"என்ன பண்ணலாம்?"

"அதை நான் கேக்கணும். சம்பளம் உங்களுக்குத்தான குடுக்கறாங்க?"

பெமினா ஸ்க்ரூ டிரைவரை நீட்டினா.

"ஷாக்குக்கு அடியில ஒரு திருகு இருக்கு. உள்ள எண்ணெய். எண்ணெய் போய்வர ஒரு ஓட்டை. திருகை இறுக்கினா ஓட்டை சின்னதாகும், அமுங்கினது மெதுவாத் திரும்பி வரும். லூஸ் விட்டா பட்டுனு வரும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"இதுக்கா உங்களை எல்லாரும் தலையில தூக்கி வெச்சு ஆடறாங்க?"

"நீயே இறுக்கு."

நிறைமதி பல்லைக் கடிச்சுக்கிட்டு இறுக்கினா. இனிமே சுத்தாதுங்கற வரைக்கும் இறுக்கினா.

போனா. வந்தா.

"இப்ப உதைக்கல. உக்காந்துருச்சு."

"எங்க?"

"மொத மேடு நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் ஒவ்வொண்ணுக்கும் கொஞ்சம் கொஞ்சமா இறங்கிட்டே போயி, ஆறாவதுல இரும்பும் இரும்பும் இடிக்குது. முதுகெலும்பு தொண்டைக்கு வந்துருச்சு."

"ம்."

"என்ன ம்? இறுக்கினா தப்பு, விட்டாலும் தப்பு. அப்ப இந்தத் திருகு எதுக்கு, அழகுக்கா?"

பெமினா கிளாஸைக் கீழ வெச்சா. எந்திரிச்சு வந்து, நிறைமதியோட ரெண்டு தோள்லயும் கைய வெச்சு அமுக்கினா.

முழங்கால் மடங்குச்சு.

"என்னக்கா பண்றீங்க?"

எந்திரிக்கறதுக்குள்ள இன்னொரு அமுக்கு. பாதி எந்திரிக்கறதுக்குள்ள இன்னொண்ணு. மறுபடி. மறுபடி. கடைசியில நிறைமதி புழுதியில உக்காந்திருந்தா.

பெமினா கைய எடுத்தா. நிறைமதி விருட்டுனு துள்ளி எந்திரிச்சா. அவ தலை பெமினாவோட தாடையில டங்குனு இடிச்சுச்சு.

பெமினா தாடையைத் தடவிக்கிட்டா.

"உக்காரறது, உதைக்கறது, ரெண்டையும் பாத்துட்டே."

நிறைமதி குனிஞ்சு ஷாக்கைத் தொட்டா. கை சுட்டுச்சு.

"ஏன்க்கா இப்படிக் கொதிக்குது?"

"அத்தனை மேட்டோட ஆட்டத்தையும் வாங்கினது அந்த எண்ணெய்தான. ஆட்டம் சூடா மாறுது. காத்துப் பட்டா ஆறிரும்."

"ஆறலேன்னா?"

பெமினா திருகைக் கைகாட்டினா.

நிறைமதி திருகைக் கொஞ்சம் லூஸ் பண்ணி, சீட்டைக் கையால அமுக்கி விட்டா. தூங்கி எந்திரிக்கற ஆளு மாதிரி மேல வந்துச்சு. நிறைய லூஸ் விட்டா. துள்ளுச்சு. கொஞ்சம் திருப்பி இறுக்கினா.

சீட்டு ஒரே தடவை மேல வந்துச்சு. நின்னுச்சு.

அந்த நேரம் பாத்து மேனேஜர் மெய்யப்பன் ஸ்டாப்வாட்சைச் சுழட்டிக்கிட்டே வந்து வண்டிக்கு முன்னாடி நின்னாரு. இவரு சொன்ன ஒரு வார்த்தைக்கு நிறைமதி போன மாசம் பத்து வார்த்தை திருப்பிக் குடுத்து, அந்த ரேஸே அவளுக்கு இல்லாமப் போச்சு. அதுக்கு அடுத்த ரேஸ்ல எல்லாத்தையும் முழுங்கிக்கிட்டு நின்னா. பாதியில கோவம் கண்ணை மறைச்சு, வேலியில போய் விழுந்தா.

"என்ன பாப்பா, வண்டியைக் குறை சொல்லி முடிச்சாச்சா? உனக்கெல்லாம் ஸ்கூட்டி போதும்னு அன்னைக்கே சொன்னேன்."

சொன்னது உள்ள இறங்குச்சு.

நிறைமதி ஹெல்மெட்டை எடுத்துப் புழுதியைத் தட்டினா. தலையில போட்டு வாரை மாட்டினா. வண்டியைக் கிளப்பினா.

"சார், நீங்க நிக்கறது வண்டி போற வழி."

மெய்யப்பன் நகந்தாரு.

மொத மேடு. இறங்குச்சு, வந்துச்சு. ரெண்டாவது. மூணாவது. நாலாவது. அஞ்சாவது முடிஞ்சப்பவும் சீட்டு இருக்க வேண்டிய எடத்துலயே இருந்துச்சு. ஆறாவதுல இடி சத்தம் வரல.

முடிவுக் கோட்டைத் தாண்டறப்ப மெய்யப்பன் நம்ப முடியாம வாட்சை ரெண்டு தடவை பாக்கறது தெரிஞ்சுச்சு.

நிறைமதி பெமினாவைத் தேடினா.

பெமினா டிராக் பக்கமே திரும்பல. ஸ்க்ரூ டிரைவரைத் துடைச்சுப் பெட்டிக்குள்ள போட்டுக்கிட்டிருந்தா.