பன்னெண்டாவது தெரு காணாமப் போன கதை

ஒரு ஊர்ல ஒரு போர்டு எழுதுற அம்மா இருந்தா. செங்கமலம்னு பேரு. அந்த ஊருக்குக் கலெக்டரம்மா வரப்போறாங்கன்னு சேதி வந்துது. உடனே சேர்மன் உலகநாதன், "பதினாலு தெருவுக்கும் இங்கிலீஷ்ல போர்டு எழுது. எல்லா நம்பர் பக்கத்துலயும் டி.எச். போட்டுடு"ன்னார்.

"ஐயா, ஒண்ணுன்னா ஃபர்ஸ்ட். வாய் 'ஸ்ட்'னுல்ல முடியுது? எஸ்.டி. போடணும். செகண்டுக்கு என்.டி., தேர்டுக்கு ஆர்.டி. நாலுலேர்ந்துதான் டி.எச்."

சேர்மன் வாய்க்குள்ளயே முணுமுணுன்னு சொல்லிப் பார்த்தார். அப்புறம், "அதைத்தான் நானும் சொன்னேன்"னார்.

ம் கொட்டு, கண்ணு. ஆங்.

சரக் சரக்னு பத்து தெரு எழுதியாச்சு. அப்போ பதினொண்ணு வந்துது.

"எஸ்.டி. போடு"ன்னார் சேர்மன்.

"இது லெவன்த், ஐயா. டி.எச்."

"ஒண்ணு வந்தா எஸ்.டி.ன்னு நீதானே சொன்னே?"

"இருபத்தொண்ணுன்னா சரி, ட்வென்டி ஃபர்ஸ்ட். பதினொண்ணை யாராவது டென் ஃபர்ஸ்ட்னு சொல்றாங்களா?"

சேர்மனுக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துது. டிங் டிங்னு மணியடிச்சுக் கூட்டம் போட்டார். பத்து மெம்பரும் கை தூக்கினாங்க. ஒருத்தர் கொர்ர்னு தூங்கினார், அவர் கையைப் பக்கத்து ஆள் தூக்கினார். பதினொண்ணுக்கு எஸ்.டி., பன்னெண்டுக்கு என்.டி., பதிமூணுக்கு ஆர்.டி.ன்னு தீர்மானம்!

செங்கமலம் வீடு பன்னெண்டாவது தெருவுலதான். தன் தெருவுக்கே தப்பா எழுதக் கை கூசிச்சு. தீர்மானமாச்சேன்னு எழுதினா.

அப்புறம் கலெக்டரம்மா வந்தாங்க. பதினொண்ணாவது தெருவுல கார் க்ரீச்னு நின்னுது.

"இதென்ன லெவன்ஸ்ட்?"

சேர்மன் சட்டுனு விரல் நீட்டினார். "இந்தப் பொம்பளை தப்பா எழுதிட்டா!"

செங்கமலத்துக்கு முகம் குபீர்னு சுட்டுது. நேரா கலெக்டரம்மா முன்னாடி போய் நின்னா. "அம்மா, நான் சொன்னது த். தீர்மானம் போட்டது ஸ்ட். தீர்மான நோட்டைப் பாருங்க."

பார்த்தாங்க. சிரிப்பை அடக்கிக்கிட்டு, "மாத்துங்க"ன்னுட்டுப் போயிட்டாங்க.

மாத்தினா தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமே! சேர்மன் திரும்பக் கூட்டம் போட்டார். நம்ம ஊர்ல பத்துக்கு அப்புறம் பதினாலுன்னு தீர்மானம். தூங்கினவர் கையும் ஏறிச்சு. டக் டக்னு மூணு போர்டையும் பிடுங்கிட்டாங்க.

தபால்காரர் பையோட முழிச்சார். "பன்னெண்டாவது தெருன்னு ஒண்ணு இல்லையாமே, கடுதாசியைத் திருப்பிடவா?"

செங்கமலம் பெயின்ட் டப்பாவை எடுத்தா. ஏணியைத் தன் வீட்டுச் சுவர்ல சாத்தினா. பன்னெண்டு போட்டா, பக்கத்துல டி.எச். பெரிசா, நீலத்துல. கீழே எதிர்வீட்டு அன்வர் பாய் நின்னார்.

"எங்க வீட்டுக்கும் அந்த 'த்' போட்டுக்குடும்மா."

அவருக்குப் பின்னாடி பதினொண்ணு, பதிமூணு ஆளுங்கள்லாம் வரிசையா நின்னாங்க. சேர்மன் வீட்டம்மாவும்தான்! அவங்க வீடு பதிமூணுல.

அவ்வளவுதான் கண்ணு, சுவர்ல பெயின்ட் காயட்டும், நீ கண்ணை மூடு.