எட்டு முக்குளிப்பான்கள்

“நான் பார்த்தேன்னு சொன்னா மட்டும் ஏன் இவங்களுக்குச் சிரிப்பு வருது?”

முகத்துவாரத்து மணல்திட்டே அதிரும்படி கத்தினார் இசக்கிமுத்து.

உலகம்மை நிமிர்ந்து பார்த்தாள். அவரைவிட இளையவள். ஆனாலும் அவள்தான் குரு. விடியலில் நீரைப் பார்ப்பது, பார்த்ததைச் சொல்வது. அவளிடம் பாடம் அவ்வளவுதான்.

“என்ன பார்த்தீங்க அண்ணாச்சி?”

“கொண்டை முக்குளிப்பான்.”

சீடர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். இந்தப் பக்கம் தலைகாட்டி எத்தனையோ வருஷமான பறவை.

“எத்தனை?”

பார்த்தது ஒன்று. கறுப்புக் கொண்டை, வெள்ளைக் கழுத்து, சத்தியமாக ஒன்று.

ஆனால் இசக்கிமுத்து மீன் விற்று ஆளானவர். கேட்டவுடன் சரியான விலையைச் சொல்கிறவன் கூடையைக் கவிழ்த்துவிட்டுப் போகவேண்டியதுதான். எட்டு என்றால் நாலுக்குக் கேட்பார்கள். சண்டை போட்டு, சலித்துக்கொண்டு, கடைசியில் ஒன்றில் வந்து நிற்கலாம். அந்த ஒன்றை எவனும் மறுக்க முடியாது.

“எட்டு!”

“சரி. எட்டையும் பார்ப்போம். படகை எடுங்க.”

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு வார்த்தை குறைத்துக் கேட்காமல் எழுந்து போகிறாளே!

படகு போனது. வெயில் ஏறியது. எல்லாரும் தூரத்து அலையாத்திப் புதர்களையே துழாவிக்கொண்டிருந்தார்கள்.

துடுப்புக்குப் பக்கத்தில் நீர் விலகியது. கொண்டை. வெள்ளைக் கழுத்து.

“அந்தா! அந்தா!”

சீடன் கொம்பையா அரைக் கண்ணால் பார்த்தான்.

“ஒத்தையால்லா நிக்குது. நீர்க்காகமா இருக்கும். நமக்கு எட்டு வேணும்லா அண்ணாச்சி?”

எல்லாத் தலையும் மறுபடி அக்கரைக்குத் திரும்பியது.

பறவை முங்கியது. பிறகு எழவே இல்லை.

“அடப் பாவிகளா! மூக்குக்கு முன்னால வந்து நின்னுச்சே! மூஞ்சியில இருக்கது கண்ணா, கிளிஞ்சலா? அதை விட்டுட்டு எதைத் தேடுதீங்க?”

“நீங்க சொன்ன கூட்டத்தைத்தான்,” என்றான் கொம்பையா.

“கூட்டமும் கிடையாது, மண்ணும் கிடையாது! ஒண்ணுதான்! ஒண்ணே ஒண்ணு!”

படகில் ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் எரிந்தது. இனி அந்த ஒன்றையும் எவன் நம்பப்போகிறான்?

உலகம்மை பக்கம் பாய்ந்து திரும்பினார்.

“எல்லாம் உங்களால வந்தது! ஒருத்தன் எட்டுன்னு சொன்னா, குறைச்சுக் கேட்கத் தெரியாதா உங்களுக்கு?”

“நான் வாங்க வரலியே, அண்ணாச்சி.”