கீல் கேட்ட கேள்வி

முன்பொரு சமயம் ஒரு வீட்டின் பின்னறைக் கதவில் ஒரு கீல் இருந்தது. அதற்கு வந்த நோய் பெரியதல்ல. கதவு அசைந்தால் கிரீச்சிடும், அவ்வளவுதான்.

கீலுக்குப் பேச்சும் அந்தக் கிரீச்சுதான். ஜன்னல் காற்றில் கதவு அசைந்தால் அதற்கு வாய் வரும். காற்று நின்றால் வாய் மூடிவிடும்.

யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை, அந்த வீட்டுக்கு ஒரு கைக்குழந்தை வரும்வரை.

"ஏங்க, தூளியில போட்டு ஆட்டி ஆட்டி இப்பதான் கண்ணசந்தான். இந்தக் கதவு கத்துன கத்துல மறுபடி எழுந்துட்டான்" என்றாள் அமுதவல்லி. "ஞாயித்துக்கிழமைக்குள்ள சரி பண்ணுங்க. இல்லைன்னா இந்தக் கீலைக் கழட்டிக் காயலான் கடையில போட்டுட்டுப் புதுசு மாட்டுங்க."

"குரூப்ல கேட்டிருக்கேன் அமுதா" என்றான் தணிகைவேல், கைப்பேசியிலிருந்து தலையெடுக்காமல். "இருநூறு பேர் பதில் போட்டிருக்காங்க. படிச்சு முடிச்சிடறேன்."

"நீங்க படிச்சு முடிக்கிறதுக்குள்ள இவன் பள்ளிக்கூடமே போயிடுவான்."

காயலான் கடை என்றதும் கீலுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அங்கே போன இரும்பு எதுவும் சொந்த உருவத்தில் திரும்பியதில்லை. இனி தாமதிக்கலாகாது, சபையைக் கேட்டுவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தது.

சபை என்பது எதிர்ச்சுவரில் இருந்த கருவிப் பலகை. மதுரையில் இருந்த சங்கப் பலகை தகுதியுள்ள புலவரைக் கண்டால் இடம் கொடுத்துத் தானாக நீளும் என்பார்கள். இந்தப் பலகைக்கு அந்தச் சிரமம் இல்லை. தகுதியைச் சபையே பார்த்துக்கொள்ளும். ஒருவர் பேசியது பிடித்துப்போனால் மற்றவர்கள் 'டிங்' என்று தட்டுவார்கள். டிங் கூடக் கூடப் பேசியவர் மேல் ஆணிக்கு ஏறுவார். பிடிக்காவிட்டால் ரம்பம் ஒரு பிடி மரத்தூளை அவர் தலையில் தூவும். தூளில் முழுதாக மூழ்கியவர் கண்ணுக்குத் தெரியமாட்டார். கண்ணுக்குத் தெரியாதவர் சொன்னது தவறு என்பது தானே நிரூபணமாகிவிடும். விவாதத்தைச் சுருக்க இதைவிட எளிய வழி உண்டா?

உச்சி ஆணியில் தொங்கியது திருப்புளி. உலகத்துக் கோளாறெல்லாம் திருகு தளர்வதால் வருபவை என்பது அதன் சித்தாந்தம். ஒருமுறை சுத்தியல் மட்டும் ஆணிக்கு ஆதரவாக ஏதோ முனகியது. சில நாள் தூளுக்கடியில் கிடந்துவிட்டு எழுந்த பிறகு, "நானும் ஒரு காலத்தில் சுத்தியலாக இருந்தவன்தான்" என்று தொடங்கித் திருகின் பெருமையைப் பேசியது. அன்று விழுந்த டிங்கில் பலகையே அதிர்ந்தது.

காற்று வந்தது. கீல் பேசியது.

"பெரியோர்களே, எனக்குக் கிரீச் வருகிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் நிற்காவிட்டால் என் கதை முடிந்தது. என்ன செய்யலாம்?"

"நீளம் என்ன, அகலம் என்ன, என்ன உலோகம்?" என்றது அளவு நாடா. "ஒரு விவரமும் தராமல் கேள்வி கேட்டால் எப்படி?"

"இதே கேள்வியை ஜன்னல் கொண்டி போன மழைக்காலத்திலேயே கேட்டாயிற்று" என்றது ரம்பம். "தேடிப் பார்த்துவிட்டு வரக்கூடாதா?"

"கொண்டிக்குத் துருப்பிடித்து இறுகிவிட்டது. எனக்கு அது இல்லையே."

கீலின் தலையில் ஒரு பிடி தூள் விழுந்தது.

"அடிப்படையிலிருந்து வருவோம்" என்றது சுத்தியல். "இந்தக் காலத்தில் கதவு எதற்கு? திரைச்சீலை போதாதா?"

டிங், டிங்.

திருப்புளி தொண்டையைக் கனைத்தது. "தம்பி, உன் திருகு தளர்ந்திருக்கிறது. இறுக்கினால் தீர்ந்தது."

டிங் டிங் டிங் டிங்!

அந்த ஆரவாரம் அடங்கியதும் பலகையின் கீழ் விளிம்பிலிருந்து ஒரு குரல் கேட்டது. "இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் போதுமே?"

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். தையல் மெஷினுக்குப் போடும் எண்ணெய் டப்பா அது. கூர்மூக்கும் குண்டு வயிறுமாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

"யார் இது?"

"தையல் மெஷின் பக்கத்து ஆள்."

"கைப்பிடி உண்டா?"

"இல்லை."

"கைப்பிடி இல்லாதவனெல்லாம் எப்போதிருந்து கருவி?" என்றது ரம்பம்.

அந்தக் கணத்தில் கீல் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, 'எங்கே விடவேண்டும் அண்ணே?' என்பது. அதற்கு வாயும் வந்தது. ஆனால் பிறந்தது முதல் வசவை மட்டுமே கேட்டு வளர்ந்த கீல் அது. ஒரு டிங் கூடத் தன் பெயரில் விழுந்ததில்லை. அது சொன்னது இதைத்தான்:

"கைப்பிடி இல்லாதவர் கைகொடுக்க வந்துவிட்டார்!"

பலகை குலுங்கியது. அன்றைய நாளின் பெரிய டிங் கீலுக்குத்தான். பூரிப்பில் அது காயலான் கடையையே மறந்துபோனது. ரம்பம் டப்பாவின்மேல் கொட்டிய தூளில் கொஞ்சம் பறந்து வந்து தன் மூட்டுக்குள் நுழைந்ததைக்கூட அது கவனிக்கவில்லை.

"பரவாயில்லை தம்பி, நல்ல நகைச்சுவை" என்றது எண்ணெய் டப்பா, மூழ்கிக்கொண்டே. "வேண்டும்போது கூப்பிடு."

ஞாயிற்றுக்கிழமை காலையில் தணிகைவேல் திருப்புளியோடு வந்தான்.

"மெஜாரிட்டி ஸ்க்ரூதான்னு சொல்றாங்க அமுதா. எண்ணெய்னு ஒரு ஆள் சொன்னாரு, அவரைக் கிண்டல் பண்ணித் துரத்திட்டாங்க."

திருகுகளை வலுவாக இறுக்கினான். கதவை ஒருமுறை இழுத்துப் பார்த்தான். திருப்புளி முகத்துக்கு நேரே நிற்கும்போது கீல் எப்படிக் கத்தும்? பல்லைக் கடித்துக்கொண்டு அந்த ஒரு அசைவைக் கடத்திவிட்டது.

"பாத்தியா!" என்று சொல்லிவிட்டு, அந்தச் செய்தியைக் குரூப்பில் போட அவன் ஓடினான்.

"நலம்தானே?" என்று ஆணியில் ஏறியதும் கேட்டது திருப்புளி.

"நலம்" என்று கிரீச்சிட்டது கீல்.

சபையில் ஒருவருக்கும் அது முரணாகப் படவில்லை. 'நமது வெற்றிக்கதை' என்று கீலைப் பாராட்டி டிங் தட்டினார்கள். அடுத்த அறையில் குழந்தை வீறிட்டது.

"சரியாயிடுச்சுன்னு சொன்னீங்களே!"

"குரூப்ல வேற போட்டுட்டேனே" என்றான் தணிகைவேல், உண்மையான வருத்தத்தோடு.

"சாயங்காலம் கடைக்குப் போய்ப் புதுக் கீல் வாங்கிட்டு வந்துடுங்க. அவ்வளவுதான்."

கீலுக்கு மூட்டெல்லாம் வலித்தது. உள்ளே மரத்தூள், வெளியே இறுக்கம்.

மதியம் அமுதவல்லி பின்னறைக்கு வந்தாள். குழந்தைக்குச் சட்டை தைக்க உட்கார்ந்தவளுக்கு, கூடத்திலிருந்த மெஷின் ஓட மறுத்திருந்தது. எண்ணெய் டப்பாவைத் தேடித் துழாவி எடுத்தாள்.

"இதும்மேல யாரு இவ்வளவு தூளைக் கொட்டுனது?" என்று ஊதித் துடைத்துக்கொண்டு கதவருகே வந்தாள்.

"அசையாதே" என்று மேலிருந்து கிசுகிசுத்தது திருப்புளி. "காலையில் செய்தாயே, அதே மாதிரி. நீ நம் வெற்றிக்கதை. சபையின் மானம் உன் கையில்."

பல்லைக் கடித்தால் இந்த ஒரு அசைவையும் கடத்திவிடலாம். டிங் மிஞ்சும். ஆனால் எண்ணெய் கூடத்துக்குப் போய்விடும். சாயங்காலம் கீல் காயலான் கடைக்குப் போய்விடும்.

கீல் வாயைத் திறந்தது. அடக்கிவைத்த அத்தனையையும் சேர்த்து, மயில் அகவுவதுபோல ஒரே நீட்டாக ஒரு கிரீச். அதன் பொருள் இதுதான்: 'எனக்குச் சரியாகவில்லை. அண்ணே, கூப்பிடுகிறேன்.'

ரம்பம் தூளை அள்ளியது. அதற்குள் அமுதவல்லி நின்றுவிட்டாள். கீலைப் பார்த்தாள். கையிலிருந்த டப்பாவைப் பார்த்தாள்.

"அட, ஆமால்ல!"

இரண்டு சொட்டு விட்டாள். கதவை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். மூட்டுக்குள் இருந்த தூள் எண்ணெயோடு கறுப்பாக வழிந்தது. அதன் பிறகு சத்தமே இல்லை.

"ஏங்க! கடைக்குப் போக வேணாம்!"

"கூப்பிட்ட விதம் பிரமாதம் தம்பி" என்று சொல்லிக்கொண்டே எண்ணெய் டப்பா அவள் கையில் கூடத்துக்குப் போனது.

பலகையில் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"சத்தம் நின்றுவிட்டதே" என்றது அளவு நாடா.

"காலையில் இறுக்கியது இப்போது பிடித்திருக்கிறது" என்றது சுத்தியல்.

"இறுக்கத்தின் அருமை மெல்லத்தான் தெரியும்" என்று அடக்கமாக ஒப்புக்கொண்டது திருப்புளி. டிங் மழை பொழிந்தது.

இதை இப்படியே விடக்கூடாது, நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று கீல் துடித்தது. நல்லவேளையாகக் காற்றும் வந்தது. கதவு தாராளமாக அசைந்தது. கீல் வாயைத் திறந்தது. எண்ணெய் விட்ட கீலாயிற்றே, சத்தம் எங்கிருந்து வரும்?

மறுநாள் ஜன்னல் கொண்டி சபையைக் கேட்டது. "போன மழையிலிருந்து எனக்குத் துரு. இன்னும் இறுகித்தான் கிடக்கிறேன். என்ன செய்யலாம்?"

"திருகை இறுக்கு" என்றது திருப்புளி. "சந்தேகமிருந்தால் அதோ, குணமான கீலையே கேட்டுப் பார்."

கொண்டி கீலைப் பார்த்தது. சபை முழுவதும் கீலைப் பார்த்தது. கதவு முன்னும் பின்னும் ஆவேசமாக ஆடியது, ஒரு சத்தமும் இல்லாமல்.

மறுப்பு ஏதும் எழாததால் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.