மூக்காயி ஊற்றிய தண்ணீர்

ஆற்றங்கரைப் பாறைக்குகையில் மூக்காயி என்ற முள்ளம்பன்றி தனியாக இருந்தாள். ஒரே மகள் பொட்டு கல்யாணமாகி அக்கரைக்குப் போய்விட்டாள். போகிற அன்று ஒரு கொட்டாங்குச்சியில் காசித்தும்பைக் கன்றை நட்டு அம்மாவிடம் கொடுத்தாள்.

"வெள்ளம் வடியற சமயத்துல இது பூக்கும்மா. குகை வாசல்ல சிவப்பு தெரிஞ்சா அன்னிக்கே நீந்தி வந்துடுவேன்!"

மூக்காயிக்கு அதை வாசலில் வைக்க மனம் வரவில்லை. மான் கடித்துவிட்டால்? குகையின் கடைசி மூலைக்குக் கொண்டுபோய்த் தன் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள். புது இலை ஒன்று விட்டபோது நாள் முழுக்க அதனிடம் பேசினாள். அந்தக் குகையில் பேச வேறு யார் இருந்தார்கள்?

கண் விழித்ததும் மகள் ஞாபகம் வரும். ஒரு தொன்னை தண்ணீர் ஊற்றுவாள். கிழங்கு தின்னும்போது ஞாபகம் வரும், இன்னொரு தொன்னை. மழை பெய்தால் ஞாபகம், மழை விட்டால் ஞாபகம். பாவம், அந்தச் செடிக்குத் தாகம் எடுக்க அவள் விடவே இல்லை.

பத்தே நாளில் இலைகள் மஞ்சளாகிவிட்டன. தண்டு கொழகொழத்தது. பதறிப்போன மூக்காயி என்ன செய்தாள் தெரியுமா? இன்னும் இரண்டு தொன்னை ஊற்றினாள்!

மண்ணுக்குள்ளிருந்து ஒரு மண்புழு மூச்சிரைக்க வெளியே வந்தது.

"ஆத்தா, போதும்! எனக்கு நீச்சல் தெரியாது!"

"நீ யாருடா, என் மக செடிக்குள்ள?"

"அவங்க அள்ளின மண்ணோட வந்தவன். உள்ள வேர் அழுகுது ஆத்தா! அடியில ஓட்டை இல்ல, தண்ணி எங்க போகும்? வெளிச்சமும் இல்ல!"

"வாடிக் கிடக்குதே! ஊத்தாம எப்படி இருப்பேன்?"

"வாடுறது செடியா, நீங்களா?"

மூக்காயி பொலபொலவென்று அழுதுவிட்டாள். "இது பூக்கலேன்னா அவ வரமாட்டாளே!"

மண்புழுவுக்குச் சங்கடமாகிவிட்டது. "அழுங்க ஆத்தா. ஆனா அந்தப் பக்கம் திரும்பி அழுங்க. அதுவும் தண்ணிதான்!"

பிறகு அது வழி சொன்னது. மூக்காயி தன் முதுகிலிருந்து உதிர்ந்த முள் ஒன்றை எடுத்துக் கொட்டாங்குச்சியின் கண்ணைக் குத்தித் திறந்தாள். தேங்கிய தண்ணீர் வடிந்தது. செடி வாசலுக்கு, மரநிழல் வெளிச்சத்துக்கு வந்தது.

"தினமும் முள்ளை மண்ணுல குத்திப் பாருங்க. ஈரம் ஒட்டி வந்தா ஊத்தாதீங்க. காய்ஞ்சு வந்தா மட்டும் ஊத்துங்க!"

சொல்வது சுலபம். மகள் ஞாபகம் வரும்போதெல்லாம் மூக்காயியின் கை தொன்னைக்குப் போகும். முள்ளைக் குத்திப் பார்ப்பாள். ஈரம்! தொன்னையைக் கீழே வைத்துவிட்டு அக்கரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இத்தனை ஏக்கத்தையும் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஒரே ஒரு கிளைதான் பிழைத்தது. வெள்ளம் வடிந்தபோது அதில் ஒரே ஒரு பூ பூத்தது. அந்த ஒரு பூ அக்கரைக்குப் போதுமானதாக இருந்தது. ஈரம் சொட்டச் சொட்டப் பொட்டு வந்து நின்றாள்!

மூக்காயி கிழங்கையும் அத்திப்பழத்தையும் மகள் முன் மலையாகக் குவித்தாள்.

"தின்னு! இதையும் தின்னு! எப்படி இளைச்சுட்டே!"

பொட்டு சின்ன வயதில் செய்வது போலவே, அம்மா சொன்னபடி ஒரு கிழங்கை எடுத்தாள். அப்போது செடியருகே செருகியிருந்த முள் மூக்காயியின் கண்ணில் பட்டது. அடுத்த கிழங்கை நீட்டப் போன கையை இழுத்துக்கொண்டாள்.

"பசிக்குதாடி?"

பிறந்ததிலிருந்து அம்மா அவளிடம் கேட்காத கேள்வி அது. பொட்டு கிழங்கைக் கீழே வைத்தாள்.

"இல்லம்மா. உன் பக்கத்துல கொஞ்ச நேரம் சும்மா உக்காரணும். அதுக்குத்தான் ஆத்தைத் தாண்டி வந்தேன்."

செடியோ பிள்ளையோ, நம் ஏக்கம் தீரக் கொட்டுவது அன்பாகாது. அதற்கு என்ன வேண்டும் என்று பார்த்துக் கொடுப்பதே அன்பு.