புளிப்பனுக்குத் தண்ணி காட்டிய சிற்றிடி

மின்னலூர் என்று ஒரு ஊர். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு டி.வி.யைப் போட்டால் மட்டும் தெரிகிற கார்ட்டூன் ஊர். ஒன்பதரைக்குப் பிறகு அங்கே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அங்கே இருப்பவர்களுக்கே சரியாகத் தெரியாது.

அந்த ஊரைக் காப்பாற்ற மூன்று பேர் இருந்தார்கள். தலைவர் பேரிடி. அவர் கை தட்டினால் இடி இடிக்கும். அதனால் ஊரில் யார் எவ்வளவு நன்றாகப் பாடினாலும் அவர் கை தட்டக் கூடாது என்று சட்டமே போட்டிருந்தார்கள். அடுத்தவன் கல்மண்டை. தலையால் முட்டி எந்தச் சுவரையும் உடைப்பான். கதவு இருந்தாலும் சுவர் வழியாகத்தான் வருவான். காரணம் கேட்டால், "கதவுல 'தள்ளு'ன்னு எழுதியிருக்கு. யாரைத் தள்ளுறதுன்னு எழுதலையே?" என்பான்.

மூன்றாவது ஆள்தான் சிற்றிடி. வீட்டில் வைத்த பெயர் வடிவாம்பாள், வயது பதினான்கு. அவள் கை தட்டினாலும் இடிக்கும், ஓர் ஊசிப்பட்டாசு அளவுக்கு. பேரிடிக்குக் கையாள். அவருடைய போர்வையைத் துவைத்துக் காயப்போடுவாள். அவர் வானத்திலிருந்து இறங்கும்போது "வந்துட்டார்! வந்துட்டார்!" என்று கத்துவாள். மற்ற நேரத்தில் வில்லனிடம் மாட்டிக்கொள்வாள். ஐம்பத்திரண்டு வாரத்தில் ஐம்பத்திரண்டு தடவை அவளைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள். கடையில் யாராவது கயிறு வாங்கினாலே இவள் தானாகக் கையைப் பின்னால் கொண்டுபோய்விடுவாள்.

அவளுக்கு ஒரே ஓர் ஆசை. ஒரு வில்லனையாவது தானே ஒழித்துக்கட்ட வேண்டும். தயங்கித் தயங்கிப் பேரிடியிடம் கேட்டும் பார்த்தாள்.

"அதுக்கென்னம்மா, செய்யலாம். கொஞ்சம் காத்திரு" என்றார்.

அவள் நேராக மொட்டை மாடிக்குப் போய்க் காத்திருந்தாள். ஏழு மணி நேரம் கழித்துப் பேரிடி துணி எடுக்க வந்தார்.

"ஏம்மா வெயில்ல நிக்கிற?"

"நீங்கதானே தலைவரே காத்திருக்கச் சொன்னீங்க?"

"ஆமா, சொன்னேன். எதுவரைக்கும்னு சொன்னேன்?"

"அது சொல்லலை தலைவரே."

"அடடா. சரி, எனக்கு ஞாபகம் வர்ற வரைக்கும் நானும் நிக்கிறேன்."

இரண்டு பேரும் நின்றார்கள். மறுநாள் காலை போன் அடித்ததால் இறங்கி வந்தார்கள். இல்லாவிட்டால் இன்னும் நின்றிருப்பார்கள்.

போனில் கமிஷனர் குழந்தைவேலு.

"பேரிடி! அந்தப் புளிப்பன் ஊர்த் தண்ணி டேங்க்ல நானூறு மூட்டை இட்லி மாவைக் கொட்டிட்டான். அதுல புளிக்க வைக்கிற மெஷினையும் போட்டு ஓட்டுறான். மத்தியானத்துக்குள்ள மாவு பொங்கி ஊரே முழுகிடும். உடனே வலை வீசித் தேடுங்க!"

போனை வைத்ததும் மூவரும் வட்டமாக உட்கார்ந்து ஆலோசனை செய்தார்கள்.

"வலைன்னா எந்த வலை? கொசுவலையா, மீன்வலையா?" என்று கேட்டார் பேரிடி.

"புளிப்பன் எவ்வளவு உயரம்?" என்றான் கல்மண்டை.

"ஆறடி இருப்பார்" என்றாள் சிற்றிடி. கட்டிப்போடப்பட்ட அனுபவத்தில் அவளுக்கு எல்லா வில்லன்களின் அளவும் தெரியும்.

"ஆறடிக்குக் கொசுவலை பத்தாது. மீன்வலைதான்" என்று தீர்மானம் ஆயிற்று.

மீன் மார்க்கெட்டில் வலையை இரவல் வாங்கினார்கள். கடைத்தெருவில் நின்று மூன்று தடவை வீசினார்கள். முதல் வீச்சில் இரண்டு ஆடும் ஒரு குடை வியாபாரியும் விழுந்தார்கள். இரண்டாவதில் அதே குடை வியாபாரி. மூன்றாவது வீச்சில் கனமாக ஏதோ சிக்கியது. இழுத்துப் பார்த்தால் கமிஷனர் குழந்தைவேலு, ஜீப்போடு.

"என்னய்யா பண்றீங்க?"

"வலை வீசித் தேடுறோம் ஐயா. புளிப்பனைத் தவிர எல்லாரும் கிடைக்கிறாங்க."

"அவன் டேங்க் மேலதான்யா நிக்கிறான்! ஊருக்கே தெரியுது பாரு!"

பேரிடி அண்ணாந்து பார்த்தார். டேங்கின் உச்சியில் புளிப்பன் நின்று இடி இடியென்று சிரித்துக்கொண்டிருந்தான்.

"தெரியுதுங்க. ஆனா தெரியிற ஆளை எப்படிங்க தேடுறது?"

கமிஷனர் வலைக்குள் இருந்தபடியே தலையில் அடித்துக்கொண்டார். "போங்கய்யா! போய் அவனுக்குத் தண்ணி காட்டுங்க!"

இது சுலபமான வேலையாக இருந்தது. ஒரு பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் பிடித்துச் சிற்றிடியின் இடுப்பில் ஏற்றினார்கள். மூவரும் இருநூற்றுப் பத்துப் படி ஏறினார்கள். மேலே மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. டேங்குக்குள் மாவு கொப்பளித்து விளிம்புக்கு ஒரு முழம் கீழே வந்திருந்தது. புளித்த வாசனை மூக்கைத் துளைத்தது.

"காட்டும்மா" என்றார் பேரிடி.

சிற்றிடி குடத்தைச் சாய்த்துக் காட்டினாள்.

"என்ன அது?" என்றான் புளிப்பன்.

"தண்ணி."

"எதுக்கு?"

"காட்டச் சொன்னாங்க. நல்லாப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

பேரிடி செல்போனை எடுத்தார். "ஐயா, தண்ணி காட்டியாச்சு. நல்லாப் பார்த்துட்டான்."

காலையிலிருந்து வெயிலில் மாவு கொட்டியவனுக்கு நாக்கு வறண்டிருந்தது. புளிப்பன் குடத்தை வாங்கி மடக்மடக்கென்று முழுசாகக் குடித்து முடித்தான். புதுத் தெம்போடு மெஷினின் வேகத்தைக் கூட்டினான். மாவு அரை முழம் ஏறியது.

போனில் கமிஷனர் அலறினார். "ஜாக்கிரதை! அவன் பெரிய எத்தன்! உங்க காதுல பூ சுத்திடுவான்!"

உடனே பேரிடியும் கல்மண்டையும் இரண்டு கையாலும் காதை இறுகப் பொத்திக்கொண்டார்கள். போன் கீழே விழுந்தது. சிற்றிடி காலிக் குடத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனை எடுத்தாள்.

"இடியை இறக்கச் சொல்லும்மா உங்க தலைவரை!"

"அவர் காதைப் பொத்திட்டிருக்கார் ஐயா. சொன்னா கேக்காது. கேட்டாலும் கை காலியா இல்லை."

"கல்மண்டை?"

"அவனும் அப்படித்தாங்க."

கமிஷனர் வேறு வழியே இல்லாத மனிதரின் குரலில் சொன்னார்: "அப்ப நீயே போய் அவன் கதையை முடிச்சிடும்மா."

சிற்றிடிக்குக் கண் கலங்கிவிட்டது. ஐம்பத்திரண்டு வாரத்தில் அவளை நம்பி யாரும் ஒரு வேலை கொடுத்ததில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, குடத்தைக் கவிழ்த்துப் போட்டு, புளிப்பனுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஐயா, உங்க கதை இப்ப எதுவரைக்கும் வந்திருக்கு?"

புளிப்பன் திடுக்கிட்டான். கையில் கயிற்றை எடுத்தவன் அப்படியே நின்றான். "என்ன கேட்ட?"

"உங்க கதைங்க. முடிக்கச் சொல்லி எனக்கு உத்தரவு. ஆரம்பம் தெரியாம எப்படி முடிக்கிறது? முதல்லேர்ந்து சொல்லுங்க."

புளிப்பன் கயிற்றைக் கீழே போட்டான். மெல்ல உட்கார்ந்தான். "என்கிட்ட இதுவரைக்கும் யாருமே கேட்டதில்ல பாப்பா. வந்ததும் அடிப்பானுங்க, போவானுங்க."

கதை ஆரம்பித்தது. அவர்கள் வீட்டு இட்லி கல் மாதிரி இருக்குமாம். பள்ளிக்கூடத்தில் டிபன் பாக்ஸைத் திறந்தால் வகுப்பே சிரிக்குமாம். ஒரு நாள் அந்த இட்லியை எடுத்து ஒருவன் கிரிக்கெட் ஆட, ஜன்னல் கண்ணாடி உடைந்து, ஹெட்மாஸ்டர் இவனைத்தான் வெளியே நிற்க வைத்தாராம். அன்றைக்குச் செய்த சபதம்தான் ஊரையே மாவில் முக்குவது. சிற்றிடி ஒவ்வொரு இடத்திலும் "ம்" கொட்டினாள். ஹெட்மாஸ்டர் வந்த இடத்தில் "சேச்சே" என்றாள். பின்னால் மாவு விளிம்பைத் தொட்டு, ஒரு கரண்டியளவு வெளியே வழிந்து, கீழே போய்க்கொண்டிருந்த குடை வியாபாரியின் மேல் விழுந்தது.

"அப்புறம்?" என்றாள் சிற்றிடி.

"அப்புறம் இன்னிக்கு மெஷினைப் போட்டேன். அவ்வளவுதான்."

"முடிவு?"

புளிப்பன் யோசித்தான். "அதை நான் யோசிக்கவே இல்லையே."

"அப்ப நான் முடிச்சிடுறேன்." அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "அப்புறம் புளிப்பன் மெஷினை நிறுத்தினார். இவ்வளவு மாவை வீணாக்கக் கூடாதுன்னு ஊருக்கே இட்லி ஊத்திக் கொடுத்தார். இட்லி பஞ்சு மாதிரி இருந்துச்சு. அன்னிக்குச் சிரிச்சவங்க எல்லாரும் வரிசையில நின்னு, ரெண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாங்க. ஹெட்மாஸ்டருக்கு மட்டும் சட்னி கிடைக்கலை. கதை முடிஞ்சுது."

புளிப்பன் விசும்பி விசும்பி அழுதான். "சட்னி கிடைக்கலைன்னு சொன்னே பாரு, அங்கதான் பாப்பா எனக்கு மனசு ஆறுச்சு" என்று சொல்லி, எழுந்து போய் மெஷினை நிறுத்தினான்.

ஊர் பிழைத்தது. பேரிடிக்கும் கல்மண்டைக்கும் விஷயத்தைச் சொல்லிக் காதிலிருந்து கையை எடுக்க வைக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.

வலையிலிருந்து மீண்டு வந்த கமிஷனர் கல்மண்டையிடம், "இவனைக் கூட்டிட்டுப் போய்க் கம்பி எண்ண வை" என்றார். கல்மண்டை ஒரு மணி நேரத்தில் தனியாகத் திரும்பி வந்தான்.

"பதினேழு கம்பி ஐயா. ரெண்டு தடவை எண்ணினான், ரெண்டு தடவையும் சரியா இருந்துச்சு. அனுப்பிட்டேன்."

"அடப்பாவி! கம்பி நீட்டிட்டானா?"

"இல்லீங்க. கம்பியெல்லாம் இருந்தபடியேதான் இருக்கு. அவன் தொடக்கூட இல்லை."

புளிப்பன் எங்கேயும் ஓடவில்லை. கடைத்தெருவில் அடுப்பு மூட்டி இட்லி ஊற்றிக்கொண்டிருந்தான். மின்னலூர் பதினொரு நாள் மூன்று வேளையும் இட்லி சாப்பிட்டது.

கமிஷனர் மனம் நெகிழ்ந்து எல்லார் முன்னிலையிலும் சொன்னார்: "சிற்றிடி, இனிமே நீதான்மா என்னுடைய வலது கை!"

அந்த நிமிஷமே அவள் போய் அவருக்கு வலப்பக்கம் நின்றாள். மந்திரி வந்தபோது அவருக்குப் பதிலாகச் சல்யூட் அடித்தாள். பைலில் கையெழுத்துப் போட்டாள். அவர் சாப்பிட உட்கார்ந்தால் பிசைந்து உருட்டிக் கொடுத்தாள். அவர் முதுகு அரித்தால் சொறிந்தாள். வடிவாம்பாளுக்கு வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமான நாட்கள் வாய்த்ததில்லை.

பேரிடிக்குத்தான் முகம் தொங்கிப்போயிற்று. கல்மண்டையைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"ஒரு ஆளுக்கு எத்தனை கைடா?"

"ரெண்டு தலைவரே."

"வலது கை வேலையை நம்ம பொண்ணு எடுத்துக்கிச்சு. மிச்சம்?"

"இடது கை காலியாத்தான் இருக்கு. ஆனா தலைவரே, அந்தக் கைக்கு என்ன வேலைன்னு..."

"வேலையில உசத்தி தாழ்த்தி பார்க்காதேடா" என்றார் பேரிடி கம்பீரமாக.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கமிஷனர் குழந்தைவேலு கண்ணைக் கசக்கிக்கொண்டு கக்கூஸ் கதவைத் திறந்தார். உள்ளே பேரிடி முழுச் சீருடையில், வாளி நிறையத் தண்ணீரோடு விறைப்பாக நின்றிருந்தார்.

"உட்காருங்கய்யா. மத்ததை நான் பார்த்துக்கிறேன்."