குகை வாசலின் ரகசியச் சொல்

மலையடிவாரக் காட்டில் ஒரு குகை இருந்தது. இரை தேடப் போகும் தாய் விலங்குகள் தங்கள் குட்டிகளை அங்கே விட்டுவிட்டுப் போகும். வாசலைக் கல்லால் அடைத்துக்கொண்டு உள்ளே காவல் இருந்தது குறிஞ்சி என்ற முள்ளம்பன்றி. வெளியிலிருந்து "தேன்கூடு" என்று சொன்னால்தான் அது கல்லை நகர்த்தும். எல்லாத் தாய்களுக்கும் அந்த ஒரே சொல்தான்.

ஒருநாள் மெல்லிய குரல் ஒன்று கேட்டது. "தேன்கூடு. என் முயல்குட்டியை அனுப்பு."

குறிஞ்சி கல்லை நகர்த்தியது. நின்றது நரி! குட்டியின் காதை அது கவ்விவிட்டது. குறிஞ்சி முட்களைச் சிலிர்த்துக்கொண்டு நரி மேலே விழுந்தது. மூக்கெல்லாம் முள் தைக்க, நரி குட்டியை விட்டுவிட்டு ஓடியது.

மாலையில் தாய்கள் கூடின. தாய் முயல் தன் குட்டியை நக்கியபடி அழுதது. "சொல்லை நரிக்கு யார் சொன்னது?"

எல்லோருக்கும் தெரிந்த சொல். யார் வாயிலிருந்து போனது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? குறிஞ்சி தன்னையே நொந்துகொண்டது. கல்லை நகர்த்தியது அதுதானே.

"புதுச் சொல் வைப்போம். என் மரப்பட்டையில கீறி வைக்கிறேன். மறந்தவங்க வந்து பார்த்துக்கலாம்" என்றது கரடி.

"எதுக்கு? எங்கிட்ட சொல்லுங்க. கேக்குறவங்களுக்கு நான் எடுத்துச் சொல்றேன்" என்றது மேலே கிளையில் இருந்த மைனா.

எது நல்லது என்று வாக்குவாதம் வலுத்தது. குறிஞ்சி யோசித்தது. "ரெண்டையும் பார்த்துடுவோமே" என்றது.

கரடியிடம் "புளியம்பூ" என்று சொன்னது; கரடி அதைப் பட்டையில் கீறி வைத்தது. மைனாவிடம் "கருங்கல்" என்று சொன்னது. இரண்டும் பொய்ச் சொற்கள் என்பது குறிஞ்சிக்கு மட்டும்தான் தெரியும். குட்டிகளை மறுநாள் தாய்களே வைத்துக்கொண்டன.

அன்று காலையில் வாசலில் ஒரு குரல், "புளியம்பூ" என்றது. கல் அசையவில்லை. மத்தியானம் அதே குரல் கொஞ்சம் கனத்து, "கருங்கல்" என்றது. அப்போதும் கல் அசையவில்லை. இடுக்கு வழியாகப் பார்த்தால், முள் குத்திய அதே மூக்கு!

குறிஞ்சி எல்லோரையும் அழைத்துச் சொன்னது. "பட்டையில கீறினா கண் உள்ளவன் படிச்சுடுவான். மைனாகிட்ட கேட்டா, கேக்குறது யாருன்னு அது பார்க்காது. இனிமே இப்படிச் செய்வோம். காலையில குட்டியை விடும்போது ஒவ்வொருத்தர் காதுலயும் தனித்தனியா ஒரு சொல் சொல்லுவேன். அது அவங்க குட்டிக்கு மட்டும்தான். வாசல்ல ஒரு தடவை சொல்லிட்டா அதோட அந்தச் சொல் செத்துப்போச்சு."

"தினமும் புதுசாவா? என் மண்டையில நிக்காதே" என்று கரடி முனகியது.

"ஒரே ஒரு சொல்தானே அக்கா. பொழுது சாயுற வரைக்கும் ஞாபகம் வச்சுக்கிட்டா போதும்" என்றது குறிஞ்சி.

அடுத்த நாள் நரி புதருக்குள் பதுங்கிக் காத்திருந்தது. குரங்கு வந்து "நாவல்பழம்" என்று சொல்லித் தன் குட்டியை வாங்கிக்கொண்டு போனது. அது மறைந்ததும் நரி துள்ளி வந்து, குரங்கின் குரலில் "நாவல்பழம்" என்றது.

உள்ளிருந்து குறிஞ்சி நிதானமாகக் கேட்டது. "குரங்கம்மா, உன் குட்டியை இப்பத்தானே கூட்டிட்டுப் போனே?"

நரி திணறியது. "அது... இன்னொரு குட்டி."

"உனக்கு இருக்கிறது ஒண்ணுதானே?"

நரி வாயைத் திறப்பதற்குள் பின்னால் பெரிய மூச்சுச் சத்தம் கேட்டது. தன் குட்டியைக் கூப்பிட வந்த கரடி அங்கே நின்றது. அது விட்ட ஓர் அறையில் நரி உருண்டது. எழுந்து பார்த்தால், சத்தம் கேட்டு மானும் குரங்கும் முயலும் சுற்றி வந்துவிட்டன. கிடைத்த சந்தில் புகுந்து, ஆற்றில் விழுந்து, அக்கரை ஏறி ஓடிய நரி அந்தக் காட்டுப் பக்கம் திரும்பவே இல்லை.

கரடி வாசலுக்கு வந்து, தனக்குச் சொன்ன சொல்லைத் தப்பில்லாமல் சொன்னது. குறிஞ்சி கல்லை அகலமாக நகர்த்தியது. குட்டிகள் எல்லாம் வெயிலுக்கு ஓடிவந்து, முட்களுக்குப் பயப்படாமல் அதைச் சுற்றிக் குதித்தன. காடே ஆரவாரித்தது.

நீதி: ரகசியத்தை யாருக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவே கொடுத்து, வேலை முடிந்ததும் மாற்றிவிடுகிறவரைத் திருடனால் வெல்ல முடியாது.